மார்கழிக் கோளாறு

“இன்னிக்குக் கோளாறைக் கண்டுபிடிக்கலைன்னா ஞாயித்துக்கிழமை இந்த வண்டிய வித்துடுவேன், வீரமலை!” கைப்பையும் குடையுமாக வாசலில் நின்றாள் டோரதி டீச்சர்.

மெக்கானிக் வீரமலை காலங்காத்தாலேயே தென்னூருக்கு வந்திருந்தான். வண்டி ஐம்பத்தெட்டாம் வருஷத்து மோட்டார் சைக்கிள். அதற்கு இருபத்து மூன்று வயது.

“சாயங்காலம் ஒரே உதையில கிளம்புது. காலையில மட்டும் மக்கர் பண்ணுது. குளிர்தான் காரணமாம், இவர் சொல்றார்,” என்று கணவன் இன்னாசிராஜைக் கை காட்டினாள். “தினம் லேட். ஹெட்மிஸ்ட்ரஸ் மெமோவே குடுத்துட்டாங்க.”

“திருச்சியில ஏது டீச்சர் குளிர்? மார்கழியிலயும் எனக்கு வேர்க்குது. போன வாரம் என் ஷெட்டுல கெடந்தப்ப, தினம் காலையில முதல் உதையிலயே கிளம்புச்சே!”

டீச்சர் தலையில் அடித்துக்கொண்டு டீ போட உள்ளே போனாள்.

வீரமலை உட்கார்ந்து பிளக் வயரைத் தொட்டான். கையோடு வந்தது. பார்வைக்குத்தான் மாட்டியிருந்தது.

“சார், இது தானா கழண்டதில்ல.”

இன்னாசிராஜ் குரலைத் தாழ்த்தினார். “நான்தான்யா. தினம் எழுந்ததும் முதல் வேலை அதுதான்.”

“உங்களுக்கென்ன கிறுக்கா சார்?”

நடுவில் சுவர் வைத்துப் பிரித்த வீட்டின் மறுபாதியைக் காட்டினார் இன்னாசிராஜ். “அங்க எங்கண்ணன் அற்புதசாமி இருக்கார். பாகம் பிரிச்சதுலேருந்து மூணு வருஷமாப் பேச்சே கிடையாது. போன மாசம் ஒருநாள் வண்டி நெசமாவே கிளம்பல. நான் உதைச்சு ஓஞ்சதைப் பார்த்துட்டு அவரே வந்து தள்ளினார். ‘கியரைப் போடு’ன்னார், ‘கிளட்ச்சை விடு’ன்னார். அவ்வளவுதான். அது எனக்கு வேணும்யா. அவர் வர்றது தெரிஞ்சதும் வயரை அழுத்தி விட்டுடுவேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வீரமலைக்கும் என்னவோ போலத்தான் இருந்தது. ஆனாலும் தொழில் தொழில்தானே?

“டீச்சர் கேட்டா உண்மையத்தான் சொல்வேன் சார். கோளாறு தெரியாத மெக்கானிக்னு பேராயிடும்.” வயரை இறுக்கி மாட்டினான். “ம், உதைங்க.”

இன்னாசிராஜ் மனசில்லாமல் உதைத்தார். கிளம்பவில்லை. இன்னும் ஐந்தாறு உதை. ம்ஹூம்.

“வயரைச் சரியா மாட்டினியா?” அவர் முகத்தில் நிஜமாகவே குழப்பம்.

பக்கத்துக் கதவு திறந்தது. அற்புதசாமி யாரையும் ஏறெடுத்துப் பார்க்காமல், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போனார்.

டீச்சர் டம்ளரோடு வெளியே வந்தாள். “பாத்தியா, இன்னிக்கும் தள்ளுதான்! என்னப்பா கோளாறு? கண்டுபிடிச்சியா இல்லியா?”

“டீச்சர், அது வந்து...” என்று உண்மையைச் சொல்ல வாயெடுத்தான் வீரமலை.

அப்போது அற்புதசாமி குனிந்தார். சைலன்ஸர் வாய்க்குள் திணித்திருந்த துணிப்பந்தை யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில் சட்டென்று உருவி மடியில் செருகிக்கொண்டு, “கியரைப் போடு!” என்றார்.

“குளிர்தான் டீச்சர்,” என்றான் வீரமலை. “வண்டிய வித்துடாதீங்க.”