கிட்னிக்கு ஒரு வக்கீல்

“ஒரே போடு. கிட்னி, குழாய் எல்லாத்தையும் சேர்த்து எடுத்துடறேன். ஆளு பிழைச்சா போதாதா?” என்றார் ஆபரேஷன் டாக்டர்.

ஸ்கேன் டாக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கத்தியை எடுக்காவிட்டால் இந்த மனுஷனுக்குக் கை அரிக்கும்.

“அவசரப்படாதீங்க சார். முதல்ல திரையைப் பாருங்க. கிட்னியிலேர்ந்து வர்ற குழாய் இது. அதோட வாயிலேர்ந்து ஒண்ணு மூத்திரப்பைக்குள்ள தொங்குது. விரல் மாதிரி, வழவழன்னு. கேன்சர் இப்படியா இருக்கும்?”

“மூத்திரத்துல ரத்தம் போகுதே?”

“இதுக்கும் போகும். இது கெடுதல் பண்ணாத சதை வளர்ச்சி. ரொம்ப அபூர்வம். அதான் உங்களுக்குப் பிடிபடல.”

“உங்களுக்கு மட்டும் கனவுல வந்து சொல்லுச்சாக்கும்?”

“ஆளு புரண்டு படுக்கட்டும். அப்ப தெரியும்.”

டாக்டர்கள் இருவர் சேர்ந்துவிட்டால், படுத்திருப்பவர் எவராயினும் வெறும் ‘ஆளு’தான். நோயாளி முக்கி முனகிப் புரண்டார். கருவி மறுபடி வயிற்றில் அழுந்தியது. குழாயிலிருந்து சிறுநீர் பீறிட, அந்தச் சதை கவலையே இல்லாமல் இடமும் வலமும் ஆடியது.

“பாத்தீங்களா? காம்புல தொங்கி ஆடுது. கேன்சரா குழாய்ச் சுவரைக் கடிச்சுப் பிடிச்சிருந்தா இப்படி ஆடுமா?”

ஆபரேஷன் டாக்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். “மாசக்கணக்கா ரத்தம் போயும் ஆளு ஏன் வாயே திறக்கல?”

“பயந்தாங்கொள்ளி சார். ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணுவார். பொண்டாட்டிகிட்டகூட மூச்சு விடல.”

“நீங்க சொல்றது தப்பா இருந்தா உயிரே போயிடும். ஞாபகம் இருக்கட்டும்.”

ஸ்கேன் டாக்டர் கருவியை வயிற்றிலிருந்து எடுத்தார். “தெரியும் சார். காமிராவை உள்ளே விட்டு ஒரு துண்டு எடுத்து சோதனைக்கு அனுப்புங்க. கேன்சர்னு வந்தா கிட்னியை நானே தரேன், எடுத்துக்குங்க.”

“சரியான பிடிவாதம்யா. போகட்டும், முதல்ல காமிரா. கிட்னி இருந்துட்டுப் போகட்டும்.” கதவருகே போய்த் திரும்பினார். “ஆளை இன்னிக்கே வீட்டுல சொல்லச் சொல்லுங்க.”

கதவு மூடியது. ஸ்கேன் டாக்டர் திரையை அணைத்தார். தன் தொப்புளுக்குக் கீழே அப்பியிருந்த ஜெல்லைத் துடைத்துக்கொண்டு, படுத்திருந்த மேஜையிலிருந்து மெல்ல இறங்கி, மனைவிக்கு போன் போட்டார்.