விளங்கலையா? இங்கன கேளுங்க

"ஏலே சுருளி, புத்தகத்துல 'இங்கன'ன்னா எங்கன?"

உமர் பாருக் பாய் தாள்கட்டை மேசையில் போட்டார். சுருளிராஜன் வாயைத் திறக்கவில்லை. அவன் எப்போதுமே திறப்பதில்லை.

பாய் கேட்டதில் தப்பில்லை. அல்லிநகரத்தில் இருந்த அவருடைய கம்பெனி, பள்ளிக்கூடங்களுக்கு ஒரு சாப்ட்வேர் விற்றது. அதை எப்படி ஓட்டுவது என்கிற விளக்கம் முழுக்க வெப்சைட்டில் கிடந்தது. ஆனால் வாங்கிய பள்ளிக்கூடத்தில் பாதிக்கு நெட் கிடையாது. எல்லாத்தையும் அச்சுப் புத்தகமாக மாற்று என்று சொல்லிவிட்டார்.

வெப்சைட்டில் 'டி.சி. அடிக்க இங்கன அழுத்துங்க' என்றால் அழுத்தலாம். தாளை அழுத்தினால் விரல்தான் வலிக்கும். அதனால் லிங்க் இருக்கிற இடத்திலெல்லாம், அது போய்ச் சேருகிற பக்கத்தின் எண்ணைப் போட வேண்டும். 'டி.சி. அடிக்க 37ஆம் பக்கம் பாருங்க.' இப்படி இருநூற்றுப் பன்னிரண்டு லிங்க்கை நாலே நாளில் முடித்துவிட்டான் சுருளிராஜன்.

மிச்சம் ஒன்று. அது நூற்று நாற்பது பக்கத்திலும் அடியில் நின்றது.

'விளங்கலையா? இங்கன கேளுங்க.'

"இதுக்கு மட்டும் ஏன் நம்பர் போடலை?"

"இது பக்கத்துக்குப் போகலை பாய். ஆளுக்குப் போகுது. பாஜிலாக்காவுக்கு."

அந்த விளக்கத்தையெல்லாம் எழுதியதே பாஜிலாக்காதான். அதனால்தான் அத்தனை 'இங்கன'. இப்போது அவருக்கு ஒரே வேலை, கேட்கிறவர்களுக்குப் பதில் போடுவது. போன் இருக்கிற அடுத்த மேசைதான். சாப்பாட்டு டப்பா கழுவப் போயிருந்தார்.

பாய் குரலைத் தாழ்த்தினார். அவர் தாழ்த்தினால் தெருவுக்குக் கேட்காது, அவ்வளவுதான்.

"ஒரு வருசத்துல கேட்டது எத்தனை பேரு தெரியுமாலே? ஒருத்தன். தேவதானப்பட்டி கிளார்க்கு சின்னச்சாமி. அவனும் கிறுக்கன். பிரிண்டர்ல தாளை எந்தப் பக்கம் வைக்கணும்னு கேக்குறான்! அந்த ஒத்தைக் கிறுக்கனுக்கு ஒரு ஆளா? லிங்க்கை எடுத்துரு. அடுத்த மாசத்துல இருந்து அவுக வர வேணாம்னு நானே பக்குவமாச் சொல்லிக்கிறேன். அஞ்சு மணிக்கு பைல் அச்சகத்துக்குப் போயிறணும்."

போய்விட்டார்.

சுருளிராஜனுக்குச் சுருக்கென்றது. தேவதானப்பட்டியில் அப்படி ஒரு கிளார்க்கே கிடையாது. அந்தக் கிறுக்கன் இவன்தான்.

போன வருசம் பாஜிலாக்கா ஒருநாள் தானாகவே சொன்னார்: "மகளும் சவூதிக்குப் போயிருச்சு தம்பி. வீட்ல சுவத்தைப் பார்த்துக்கிட்டு உக்கார முடியலை. இங்கன வந்தா நாலு பேரு சந்தேகம் கேப்பாகன்னு பார்த்தா, ஒருத்தரும் கேக்க மாட்டேங்கிறாக."

சுருளிராஜன் 'ம்' என்றான். அன்று மத்தியானமே சின்னச்சாமி பிறந்துவிட்டான்.

"தம்பி, ஒருத்தர் கேட்டுட்டாக!" என்று அவர் துள்ளியபோதும் 'ம்'தான்.

அவன் இருந்தது ஒத்தை ரூமில். சாப்பாடு மெஸ்ஸில். வேலைப் பேச்சு போக, ஒரு நாளைக்கு அவன் வாயிலிருந்து 'ம்', 'சரி', 'இல்ல' மூன்றும் வந்தால் அதிகம். ஆனால் தினம் ஒரு கேள்வி தட்டிவிடுவான். 'வழவழப்புப் பக்கத்தை மேல பார்க்க வைங்க சார். சாப்பிட்டாச்சா? உங்க ஊர்ல மழையா?' என்று பதில் வரும். அதை இரண்டு தடவை படிப்பான். பாவம், அந்தக்காவுக்கு நம்மால் ஒரு துணை என்று நினைத்துக்கொள்வான். பெரிய தர்மவான் என்கிற நினைப்பு.

நாலரை மணி. லிங்க்கை எடுக்க ஒரே தட்டு போதும், நூற்று நாற்பது பக்கத்திலும் போய்விடும். கை எழவில்லை.

பாஜிலாக்கா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"பாய் சொன்னது எல்லாம் காதுல விழுந்துச்சு தம்பி. எடுத்துருங்க. நமக்கு எதுக்கு வம்பு?"

"எடுத்தா நீங்க வீட்ல தனியா..."

அவன் பேசியதைக் கேட்டு அவரே கொஞ்சம் மிரண்டார்.

"எனக்கென்ன தனி? எதுத்த வீட்டுக்கு ரஃபியா குடிவந்து ஆறு மாசமாச்சு. பேசியே கொன்னுருவா. உத்தமபாளையத்துல இருந்து தினம் பஸ்ல நின்னுக்கிட்டு வர என் முழங்காலும் ஒத்துக்கலை. அப்பவே வேலைய விட்டுருப்பேன்."

"பெறகு ஏன் விடலை?"

"விட்டா சின்னச்சாமிக்கு ஆரு பதில் போடுறது?"

சுருளிராஜன் திரையைப் பார்த்தான்.

"நீங்க தட்டி நிப்பாட்டுன மறுநிமிசம் எனக்குக் கேள்வி வந்து நிக்கும். காய்ச்சல்னு நீங்க மூணு நாள் வரலை, அவரும் மூணு நாள் கேக்கலை. எனக்கு விளங்காதா? வாயத் திறக்காத பிள்ளை, எழுதியாச்சும் பேசட்டும்னுதான் வந்துக்கிட்டு இருந்தேன்." எழுந்தார். "எடுத்துருங்க தம்பி. எனக்காகன்னு வச்சுக்கிட்டு உங்க வேலைக்கு உலை வச்சுக்காதீக."

அவருக்காக என்று இனிமேல் அவனால் சொல்லிக்கொள்ளவும் முடியாது.

அஞ்சு மணிக்கு பாய் வாசலில் நின்று கத்தினார். "பைல் போயிருச்சாலே?"

"போயிருச்சு பாய்."

இரண்டு பேரும் எடுக்கச் சொன்ன வரியை சுருளிராஜன் எடுக்கவில்லை. பக்க எண் வர வேண்டிய இடத்தில் பாஜிலாக்கா மேசையின் போன் நம்பரைப் போட்டு அனுப்பியிருந்தான்.