நாற்பத்தேழாம் நம்பர் இதயம்

“இடது பக்கம் தண்ணி சரியா ஏறலையேய்யா” என்றார் தவசி, மகனின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து.

“தண்ணி இல்லப்பா, ரத்தம்” என்று சிரித்தான் செல்வக்குமார்.

கம்ப்யூட்டர் திரையில் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்றின் இதயம். இரண்டு அறைகள் பார்க்க வேண்டிய வேலையைப் பிறந்ததிலிருந்தே ஒரே அறை இழுத்துக்கொண்டிருந்தது. நுரையீரலுக்கு ரத்தம் போக டாக்டர் ஒரு குழாய் வைத்துத் தைக்கப்போகிறார். எந்த இடத்தில் தைத்தால் இரண்டு பக்கமும் ரத்தம் சமமாகப் பிரியும் என்று, கத்தியை எடுக்கும் முன்பே கணக்கிட்டுச் சொல்வதுதான் செல்வக்குமாரின் வேலை. கோச்சடை வீட்டு மாடியில் உட்கார்ந்தே செய்கிறான். குழந்தையின் பேர், ஊர் எதுவும் அவனுக்கு வராது. ஸ்கேன் வரும், நம்பர் வரும். இது நாற்பத்தேழு.

“குழாய இன்னுங் கொஞ்சம் நகத்திப் பாரேன்.”

“நாலு தடவ பாத்தாச்சுப்பா. இம்புட்டே போதும்னு டாக்டரே சொல்லிட்டாரு.”

“அவருக்குப் போதும். அந்தப் பிள்ளைக்குப் போதுமா?”

வயலும் மோட்டாருமே உலகம் என்றிருந்த மனிதர், ஒரு வாரமாகப் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு உயிரை வாங்கினார். தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்ட மகள் சத்யப்ரியாவை ஆறு வருடமாக வாசல் மிதிக்க விடாதவர். வீட்டில் அவள் பேரைக்கூட எடுக்க முடியாது. அப்பேர்ப்பட்டவர் யார் பெற்ற பிள்ளைக்கோ இப்படி உருகுகிறாரே என்று செல்வக்குமாருக்கு எரிச்சலாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

நச்சரிப்புத் தாங்காமல் குழாயை நகர்த்திப் போட்டான். கம்ப்யூட்டர் பகல் முழுக்க ஓடியது. சாயங்காலம் பார்த்தால், ரத்தம் இரண்டு பக்கமும் ஒரே அளவாகப் பிரிந்து போய்க்கொண்டிருந்தது. தவசி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதிலிருந்து ஆறாம் நாள் மத்தியானம் டாக்டரிடமிருந்து போன் வந்தது.

“அப்பா, நாப்பத்தேழுக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சு, பிள்ள கண்ணு முழிச்சிருச்சாம். நீங்க நச்சரிச்சு வாங்குன எடத்துலதான் தச்சிருக்காங்க.”

சாப்பிட்டுக்கொண்டிருந்த தவசி கை கழுவிவிட்டு வந்தார். “சட்டையப் போடு. பாத்துட்டு வருவோம்.”

“யாரு பிள்ளன்னே தெரியாம எங்கப்பா போறது?”

தவசி தன் சட்டைப் பையிலிருந்து, மடித்து மடித்துக் கசங்கிப்போன ஸ்கேன் சீட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். நம்பர் நாற்பத்தேழு. தாயார் பெயர், சத்யப்ரியா.

சீட்டைப் பிடித்திருந்த செல்வக்குமாரின் கை நடுங்கியது.

“வேல பாக்கையில இந்த நடுக்கம் வந்துரும்னுதான், சீட்டக் கொண்டாந்து குடுத்தப்பவே ஒங்கக்கா ஒன்கிட்டச் சொல்ல வேணாம்னா” என்றார் தவசி. “கெளம்பு. சிம்மக்கல்ல எறங்கி ஏதாச்சும் வாங்கிக்குவோம். தாய்மாமன் மொதத் தடவ வெறுங்கையோட போகக்கூடாது.”