அம்மா ஜாடை

நாற்காலி சாய்கிறது. விளக்கொளியில் மகளுக்குக் கண் கூசுகிறது. பல் மருத்துவர் கையுறை விரலால் அவள் கன்னத்தை விலக்கி, "நல்லா கடிம்மா" என்கிறார். கீழ்ப்பல் வரிசை மேல்வரிசையைத் தாண்டி வெளியே நிற்கிறது. "கிளாஸ் த்ரீ" என்று உதவியாளரிடம் சொல்லிவிட்டு, கால்மாட்டில் நிற்கும் அம்மாவிடம் திரும்புகிறார். "பல்லுல கோளாறு இல்லம்மா, கீழ்த்தாடையே முன்னால வளர்ந்திருக்கு. கம்பி மட்டும் பத்தாது, எலும்பை அறுத்துப் பின்னால தள்ளணும்." தட்டில் ஏதோ இரும்பு கிணுகிணுக்கிறது. அதே தாடை கொண்ட அம்மா, சட்டென்று தன் வாயைப் பொத்திக்கொள்கிறாள். "பயப்படாதீங்க, மயக்கம் கொடுத்துதான் செய்வோம். முகமே மாறிடும், பாருங்க!" மகள் அவர் கையைத் தள்ளிவிட்டு எழுந்து உட்காருகிறாள். வாயோரம் எச்சில் வழிகிறது. "அப்புறம் நான் அம்மா ஜாடையில இருக்க மாட்டேனா?" சில்லிட்டுப்போன அவள் பாதத்தை அம்மா இறுகப் பிடிக்கிறாள்.