வகுப்பறைக் காட்சி

"எத்தனாவது படிக்கிறம்மா?" என்று கேட்டார், மாமாவின் பழைய சினிமா ஸ்டில் கடைக்கு வந்த பெண்மணி.

படிப்பை நிறுத்திவிட்டேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. "பத்தாவது" என்றேன். மாமா காதில் விழாதவர்போல் பசை டப்பாவை மூடினார்.

அந்தப் பெண்மணி, சிறுவயதில் தான் நடித்த ஒரு சினிமாவின் வகுப்பறைக் காட்சியைத் தேடி வந்திருந்தார். "முதல் பெஞ்சுல நான் இருப்பேன். வசனமெல்லாம் இல்ல, சும்மா கையத் தூக்கணும்."

"கையத் தூக்கினதுக்கே இந்தத் தேடலா? வசனம் பேசியிருந்தா கடையவே தூக்கிட்டுப் போயிருப்பீங்க" என்றார் மாமா.

காலையில் நானே துடைத்து உறையிலிட்ட ஸ்டில்தான். எடுத்து நீட்டினேன். என் அம்மா பிறப்பதற்கு முன்பே எடுத்த படம் அது. பிள்ளைகள் எல்லோரும் கையைத் தூக்கியிருந்தார்கள். காலையில் காலியாக இருந்த வகுப்பு வாசலில் இப்போது ஒரு பெண் முட்டிபோட்டிருந்தாள். கடைசியாகப் பள்ளிக்கூடம் போன நாளில் நான் அப்படித்தான் இருந்தேன். அதே கிழிந்த காலர், அதே முகம்.

பெண்மணி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்குக் காதெல்லாம் சுட்டது.

அத்தனை நாள் தேடிய படத்தை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.