இரண்டு விரல் வணக்கம்

வயோமிங் புல்வெளிச் சாலையில் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. முகாம் சாமான்கள் வைத்த சிறு டிரெய்லரை இழுத்துவரும், ரிவர்ஸ் கியர்கூட உள்ள தன் பெரிய மோட்டார் சைக்கிளை டெல்பர்ட் நிறுத்தி எஞ்சினையும் அணைத்துவிட்டான். காலையிலிருந்து எதிரே வந்த மோட்டார் சைக்கிள்காரர்களுக்கெல்லாம் இடது கையைத் தாழ்த்தி இரண்டு விரல் நீட்டி வணக்கம் சொன்னவன். கார்க்காரர்களை ஏறெடுத்தும் பார்க்காதவன். இப்போது காட்டெருமை மந்தையொன்று சாலையைக் கடக்கிறது. குளம்புகளின் அதிர்வு, பின்னிருக்கையில் இருக்கும் அவன் மனைவி மார்லிஸின் பாதம்வரை ஏறுகிறது. கிழட்டுக் காளை ஒன்று மட்டும் மந்தையைவிட்டு விலகி அவர்களை நோக்கியே வருகிறது.

"ஸ்டார்ட் பண்ணி ரிவர்ஸ் போடேன்," என்று ஹெல்மெட் மைக்கில் கிசுகிசுக்கிறாள்.

"பின்னால டிரெய்லர் இருக்குடி. போட்டா குறுக்கால மடங்கி நம்மளையும் கவுத்துடும். அசையாம இரு."

காளை அவள் முழங்காலை உரசாத குறையாகக் கடக்கிறது. சேறும் புல்லும் கலந்த வாடை. டிரெய்லரின் மூலையில் தோளைச் சாய்த்துத் தேய்க்கத் தொடங்குகிறது. உள்ளே அடுப்பும் பாத்திரமும் கடகடக்கின்றன. வண்டி தொட்டில்போல ஆடுகிறது. டெல்பர்ட் இரண்டு காலையும் ஊன்றித் தாங்குகிறான்.

"முதுகு சொறிய நம்ம டிரெய்லர்தான் கெடச்சுதாக்கும்!" என்று மைக்கில் முணுமுணுக்கிறாள் மார்லிஸ்.

அவன் தோள் குலுங்குகிறது. சிரிப்பா நடுக்கமா, அவளுக்குத் தெரியவில்லை.

தேய்த்து முடித்த காளை பெருமூச்சு விடுகிறது. அந்தச் சூடு அவள் கழுத்தில் படுகிறது. பிறகு அவர்களைத் திரும்பியும் பாராமல், வெயிலில் பிடரி பொன்னாக எரிய, முன்னால் நடந்துபோகிறது. டெல்பர்ட்டின் இடது கை பிடியைவிட்டு மெதுவாகத் தாழ்கிறது. இரண்டு விரல்கள் நீள்கின்றன.