பயம் வாங்கிக்கொண்டவள்

புற்றுநோய் வார்டில் இளங்கீரனின் பயத்தைத் தினமும் ஒரு மணி நேரம் வேறொருவர் மனதுக்கு மாற்றினார்கள். அந்த நேரத்தில்தான் அவன் நிம்மதியாக நாலு வாய் சாப்பிட்டான். பயத்தை நானே வாங்கிக்கொள்கிறேன் என்று மனைவி வேணி கெஞ்சிப் பார்த்தாள். பரிசோதனையில் அவள் மனம் பொருந்தவில்லை. பொருந்தியது மெர்சி என்ற பஸ் கண்டக்டரின் மனம்.

கண்ணாடிக்கு அப்பால் மெர்சி முகத்தைப் பொத்திக்கொண்டு நடுங்குவதைப் பார்க்கப் பார்க்க வேணிக்கு வயிறு எரிந்தது. பதினெட்டு வருஷம் கூட வாழ்ந்தவளுக்குக் கிடைக்காதது, நேற்று வந்தவளுக்குக் கிடைத்துவிட்டதே!

பத்தாம் நாள் வராந்தாவில் மெர்சியை மறித்தாள். "அவருக்கு அப்படி என்னதாங்க பயம்? எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல."

மெர்சி தயங்கினாள். "சாவைப் பத்தி இல்லக்கா. அவர் பயப்படுறது தெரிஞ்சா நீங்க உடைஞ்சு போயிடுவீங்கன்னுதான் பயம்."

வேணி விடுவிடுவென்று கணவனிடம் போனாள். "எனக்கு ரொம்பப் பயமா இருக்குங்க" என்றாள். அவன் அவள் தோளில் முகம் புதைத்து, அவள் ஒருநாளும் கேட்டிராத குரலில் அழுதான்.

மறுநாள் சிகிச்சை முடிந்து மெர்சி குழப்பத்தோடு வெளியே வந்தாள். "இன்னைக்கு எனக்கு ஒண்ணுமே வரலையேக்கா. யார்கிட்ட சொன்னாரு?"

"எங்கிட்ட."

இத்தனை நாள் தன்னிடம் மட்டும் இருந்த ஒன்று பறிபோனதுபோல மெர்சியின் முகம் வாடியது. "நல்லதுதான்க்கா" என்று சொல்லிவிட்டு, டிக்கெட் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள்.